கொலுசுக் கடைக்கு ஜாவா 8, சர்வருக்கு ஜாவா 17: இன்டெலிஜே ஐடியாவின் மாட்யூல் அமைப்புகள்

என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளிக் கொலுசுத் தொழிலில் இருப்பவர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை, சிவதாபுரத்திலோ பனங்காட்டிலோ பட்டறை. பட்டறைக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எத்தனை கிராம் திரும்பி வந்தது, டச், அதாவது வெள்ளியின் தரம் என்ன, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, எல்லாம் போட்டு முடித்ததும் ஜிஎஸ்டி. இந்தக் கணக்கைப் பிசகாமல் போடும் மென்பொருளை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் ஒரு அறை, கூட வேலை கற்றுக்கொள்ளும் ஒரு தம்பி. அதுதான் எங்கள் அலுவலகம்.

கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல கடைகளில் இன்னமும் 32 பிட் விண்டோஸ் 7 ஓடுகிறது. மின்னணுத் தராசு அதோடு சீரியல் கேபிளில் இணைக்கப்பட்டிருக்கிறது. "தராசு அந்த மெஷின்லதாம்மா ஒழுங்கா பேசுது, அதை மட்டும் மாத்தச் சொல்லாத" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை என் வசதிக்காகத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் எழுதுவது ஜாவா என்ற நிரல்மொழியில். ஆகவே கடையில் ஓடும் பகுதி 2014-ல் வந்த ஜாவா 8 பதிப்புக்குத்தான் கம்பைல் ஆக வேண்டும், அதாவது அந்தப் பதிப்பு ஓட்டக்கூடிய கோப்பாக மாற வேண்டும். மறுபக்கம், எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒன்றுசேர்க்கும் சர்வரை ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதியிருக்கிறேன். அது ஜாவா 17-க்குக் கீழே இறங்கவே இறங்காது. நடுவில் எடை, டச், கூலிக் கணக்குகள் மட்டும் உள்ள பொது மாட்யூல் (ப்ராஜெக்டின் தனிப் பகுதி). அதைக் கடையும் பயன்படுத்தும், சர்வரும் பயன்படுத்தும். அதனால் அதுவும் ஜாவா 8-ல்தான் இருந்தாக வேண்டும்.

ஆக, மூன்று மாட்யூல், இரண்டு ஜாவா, ஒரே ப்ராஜெக்ட். இதை ஒரே இடத்தில் திறந்து வைத்து, எந்த மாட்யூலில் எது கூடாது என்று எழுதும்போதே தட்டிக் கேட்கும் கருவி எனக்கு வேண்டும். அந்த வேலைக்கு நான் நம்பியிருப்பது ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெலிஜே ஐடியா என்ற ஐடிஇயை, அதாவது நிரல் எழுதும் மென்பொருளை. அதன் மற்ற சிறப்புகளைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பேசப்போவது மாட்யூல் வாரியாகக் கம்பைலரை அமைக்கும் பகுதியைப் பற்றி மட்டும்.

இந்தப் பகுதிக்குள் போகும் முன் மூன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஜேடிகே என்பது எந்த ஜாவாவின் கம்பைலர் வேலை செய்கிறது என்பது. லாங்குவேஜ் லெவல் என்பது எந்தப் பதிப்பின் இலக்கணப்படி நாம் எழுதலாம் என்பது. பைட்கோட் வெர்ஷன் என்பது வெளியே வரும் கிளாஸ் கோப்பை எந்த ஜாவா படிக்கும் என்பது. ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தலையிலும் ஒரு எண் இருக்கும்: ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61, 21-க்கு 65. 61 என்று எழுதிய கோப்பை ஜாவா 8-இடம் கொடுத்தால், எனக்கு 52 வரைதான் தெரியும் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர் என்று சிவப்பில் வருவது இதுதான்.

ஐடியாவில் மாட்யூல் பெயரின் மேல் நின்று எஃப்4 தட்டினால் ப்ராஜெக்ட் ஸ்ட்ரக்சர் ஜன்னல் திறக்கும். சோர்ஸஸ், பாத்ஸ், டிபென்டென்சீஸ் என்று மூன்று தாவல்கள். சோர்ஸஸ் தாவலில் லாங்குவேஜ் லெவலை மாட்யூலுக்கு மாட்யூல் தனியாக வைக்கலாம். டிபென்டென்சீஸ் தாவலில் ஜேடிகேயையும் மாட்யூலுக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஜேடிகே கைவசம் இல்லையென்றால் அந்த ஜன்னலிலிருந்தே பதிப்பையும் விநியோகத்தையும் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு பாத் வேரியபிள் சொல்லிக்கொடுத்து ஒரு மதியத்தை இழந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அது போனது பெரிய நிம்மதி.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்துத்தான். கடை மாட்யூலுக்கு லெவல் 8 என்று வைத்துவிட்டால், அங்கே பிந்தைய பதிப்புகளில் வந்த ரெக்கார்டோ டெக்ஸ்ட் பிளாக்கோ எழுதிய நொடியே சிவப்புக் கோடு விழும். பக்கத்திலேயே திறந்திருக்கும் சர்வர் மாட்யூலில் அதே வரி எந்தத் தடையும் இல்லாமல் போகும். இலக்கணம் மட்டுமல்ல, ஜாவாவோடு வரும் நூலகத்தையும் (ஆயத்த மெத்தடுகளின் தொகுப்பு) பார்க்கிறது. ஜாவா 11-ல் வந்த இஸ்பிளாங்க் மெத்தடைக் கடை மாட்யூலில் அழைத்தால், இது 11-லிருந்துதான் இருக்கிறது என்று காட்டிவிடும். கம்பைல் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கடைக்காரர் போனில் கூப்பிடும் வரை நிச்சயமாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சிவப்புக் கோட்டின் மேல் ஆல்ட் என்டர் அழுத்தினால் வரும் யோசனைகளில் லாங்குவேஜ் லெவலை உயர்த்தட்டுமா என்பதும் ஒன்றாக இருக்கும். அதை ஒத்துக்கொண்டால் கோடு மறைந்துவிடும், கடையின் ஜாவா 8 மறைந்துவிடாது. எங்கள் அறையில் இதற்கு ஒரு சட்டமே உண்டு: கடை மாட்யூலில் அந்த யோசனையைத் தொடக் கூடாது.

சரி, குறைக்கு வருகிறேன். லாங்குவேஜ் லெவல் இந்த ஜன்னலில் இருக்கிறது. பைட்கோட் வெர்ஷன் இங்கே இல்லை. அது செட்டிங்ஸ் ஜன்னலில் பில்ட், எக்ஸிக்யூஷன், டிப்ளாய்மென்ட் பிரிவுக்குள் கம்பைலர், அதற்குள் ஜாவா கம்பைலர் என்ற பக்கத்தில் இருக்கிறது. அங்கே மாட்யூல் வாரியாகப் பைட்கோட் வெர்ஷனுக்கு ஒரு அட்டவணை, கூடுதல் கட்டளைகளுக்கு இன்னொரு அட்டவணை. ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு அமைப்புகளை இரண்டு ஜன்னல்களில் வைத்திருப்பது சரியான வடிவமைப்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு மாட்யூலைத் தேர்ந்தெடுத்தால் அதன் ஜேடிகே, லெவல், பைட்கோட் மூன்றும் ஒரே வரியில் தெரிய வேண்டும். கற்றுக்கொடுக்கும்போது நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். கருத்து கடினமாக இருப்பதால் அல்ல, இருக்கும் இடம் பிரிந்து கிடப்பதால்.

அதே ஜாவா கம்பைலர் பக்கத்தில் ரிலீஸ் ஆப்ஷனுக்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. சின்னதாக, கண்ணில் படாமல் இருக்கும். எங்கள் தொழிலுக்கு இந்த மொத்த ஐடிஇயிலும் இதைவிட முக்கியமான பெட்டி வேறு இல்லை என்பேன். காரணம் சொல்கிறேன்.

வேறொருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங் மென்பொருள் ஒன்று எங்களிடம் பராமரிப்புக்கு வந்தது. கடையில் திறந்தால் திறக்கும், வாடிக்கையாளர் பெயரைச் சேர்க்கலாம், பழைய பில்லைப் பார்க்கலாம். தராசில் கொலுசை வைத்து எடை எடுக்கும் பொத்தானை அழுத்தினால் மட்டும் அப்படியே நின்றுவிடும். எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஓடிய ஒன்று கடையில் ஓடவில்லை. கடைக்காரர் தராசு விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார். லாகைத் திறந்து பார்த்தால் நோ சச் மெத்தட் எரர். பைட்டுகளைத் தேக்கி வைக்கும் பைட் பஃபர் கிளாஸின் ஃபிளிப் மெத்தட் இல்லையாம்.

ஃபிளிப் ஜாவா 8-லும் இருக்கிறதே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஜாவா 8-ல் ஃபிளிப் என்பது பஃபர் என்ற தாய் கிளாஸில் இருக்கிறது, பஃபரைத்தான் திருப்பிக் கொடுக்கும். ஜாவா 9-ல் பைட் பஃபருக்கே சொந்தமாக ஒரு ஃபிளிப் கொடுத்தார்கள், அது பைட் பஃபரைத் திருப்பிக் கொடுக்கும். எழுதும்போது இரண்டும் ஒரே வரிதான். ஜேடிகே 11-ஐ வைத்துக்கொண்டு சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று மட்டும் சொன்னால், கம்பைலர் இலக்கணத்தை 8-க்குப் பார்க்கும், கோப்பின் தலையில் 52 என்று எழுதும், ஆனால் மெத்தடைத் தேடுவது ஜேடிகே 11-ன் நூலகத்தில். அதனால் புது ஃபிளிப்பின் முகவரியைக் கிளாஸ் கோப்பில் பதித்துவிடுகிறது. 52 என்று இருப்பதால் கடையின் ஜாவா 8 கோப்பைச் சந்தேகிக்காமல் ஏற்றிக்கொள்ளும். அந்த வரி ஓடும்போதுதான் முகவரியில் ஆள் இல்லை என்று தெரியும். தராசிலிருந்து வரும் பைட்டுகளைப் படிக்கும் இடத்தில் அந்த வரி இருந்தது. பூட்ஸ்டிராப் கிளாஸ் பாத் (எந்த நூலகத்தில் தேடுவது என்பது) வைக்கவில்லை என்று கம்பைலர் ஒரு எச்சரிக்கை கொடுக்கும். மஞ்சள் நிற எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

ரிலீஸ் ஆப்ஷன் ஜேடிகே 9-ல் வந்தது. ரிலீஸ் 8 என்று சொன்னால் இலக்கணம், கோப்பின் எண், நூலகம் மூன்றையும் சேர்த்து 8-க்குக் கட்டிப்போடும். பழைய பதிப்புகளின் நூலக வடிவம் முழுவதும் ஜேடிகேக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்கிறது, அதை வைத்துத்தான் சரிபார்க்கும். அந்த ப்ராஜெக்டில் ஃபிளிப் இருந்த வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், ரிலீஸ் 8 என்று வைத்து மறுபடி கம்பைல் செய்தோம். தராசு பேசியது. ஜேடிகேயின் உள் பேக்கேஜ்களை ஆட் எக்ஸ்போர்ட்ஸ் என்ற கட்டளை கொடுத்துத் திறக்கும் ப்ராஜெக்டில் மட்டும் ரிலீஸ் ஒத்துவராது, கம்பைலரே மறுத்துவிடும். அப்படிப்பட்ட தேவை இல்லாதவர்கள் அந்த டிக்கை எடுக்கவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் யாராவது வந்து என்னிடம் சண்டை போடுவார்கள். மேவன் என்ற கருவியை வைத்துக் கட்டும் ப்ராஜெக்டில் இந்த ஜன்னல்களில் எதையும் கையால் மாற்றாதீர்கள். "அக்கா, நேத்து நான்தான் லெவல் 17 வெச்சேன், இன்னிக்கு மறுபடி 8-ன்னு நிக்குது" என்று தம்பி வந்து நின்றான். ஐடியா மேல் பழி இல்லை. பாம் (pom.xml) என்ற மேவனின் அமைப்புக் கோப்பை மறுபடி ஏற்றும்போதெல்லாம் அதில் உள்ளபடி மாட்யூல் அமைப்புகளை ஐடியா திருத்தி எழுதும். பாம்தான் மூலம், ஜன்னல் அதன் கண்ணாடி. அதனால் எங்கள் கடை, பொது மாட்யூல்களின் பாம் கோப்பில் மேவன் கம்பைலர் ரிலீஸ் 8, சர்வருடையதில் 17. ஏற்றியதும் லெவல், பைட்கோட் இரண்டும் தானாகவே சரியாகிவிடுகின்றன. ஜன்னல்களைத் திறப்பது சரிபார்க்க மட்டும்தான், அதற்கு அவை அருமையாக உதவுகின்றன. இப்படி ஏற்றும்போது கையால் செய்த மாற்றம் போகப்போகிறது என்று அந்த ஜன்னலே பெரிதாகச் சொன்னால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

இங்குள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து கடைசி வருட ப்ராஜெக்டோடு வரும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது "ரிலீஸ் வெர்ஷன் 5 நாட் சப்போர்ட்டட்" என்ற பிழை. யாரும் எங்கேயும் 5 என்று எழுதியிருக்க மாட்டார்கள். பாம் ஒன்றுமே சொல்லாவிட்டால் மேவனில் கம்பைல் வேலையைச் செய்யும் கம்பைலர் பிளகினின் பழைய பதிப்புகள் 1.5 என்று தாங்களாக எடுத்துக்கொண்டன, ஐடியாவும் அதையே பின்பற்றியது. பாமில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஜன்னலில் மாற்றித் தீர்த்துக்கொண்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வரும்.

கூடுதல் கட்டளைகளுக்கான அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வர் மாட்யூலுக்குப் பாராமீட்டர்ஸ் என்ற கட்டளை தேவை. ஸ்பிரிங் பூட்டின் அடித்தளமான ஸ்பிரிங் 6.1-லிருந்து மெத்தடின் உள்ளீட்டுப் பெயர்களை அது இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பிரிங் பூட்டின் தாய் பாமை (மற்ற பாம்கள் அமைப்புகளைப் பெற்றுக்கொள்ளும் கோப்பு) பயன்படுத்துபவர்களுக்கு இது தானாக வந்துவிடும். எங்களுக்குச் சொந்தத் தாய் பாம் இருப்பதால் கம்பைலர் பிளகினில் நாமே சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஐடியா அதை எடுத்து அந்த மாட்யூலுக்கு மட்டும் அட்டவணையில் போட்டுக்கொள்கிறது. கடை மாட்யூலைத் தொடுவதில்லை. கம்பைல் ஆகும்போது நிரலைத் தானாக உருவாக்கும் லோம்போக் போன்றவற்றுக்கான அனோட்டேஷன் ப்ராசஸர் பக்கமும் இதே மாதிரி மாட்யூல்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

இனி தமிழ். எங்கள் பில்லில் நிகர எடை, டச், சேதாரம், செய்கூலி எல்லாம் தமிழில்தான் அச்சாக வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சேலத்துக் கொலுசுக்காரர் தன் பில்லைத் தன் மொழியில் படிக்க வேண்டும். ஆனால் ஜேடிகே 18-க்கு முன்பு வரை கம்பைலர், கோப்பின் எழுத்துக்குறியீட்டைச் சொல்லாவிட்டால் இயங்குதளத்தின் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 அல்ல. விளைவு, சேதாரம் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடும் புள்ளியும் முளைத்த லத்தீன் எழுத்துகள். ஐடியாவின் ஃபைல் என்கோடிங்ஸ் பக்கத்தில் ப்ராஜெக்ட் முழுவதற்கும் யூடிஎஃப்-8 வைத்தால் கம்பைலருக்கும் அதையே சொல்லி அனுப்பும். பாமிலும் சோர்ஸ் என்கோடிங் வரியைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஐடியாவுக்கு வெளியே மேவனை ஓட்டும்போது மறுபடி கெடும்.

திரையில் வரும் சொற்களைத் தனியாக வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஜாவா 8 ரிசோர்ஸ் பண்டிலை, அதாவது இந்தக் கோப்புகளின் தொகுப்பைப் படிக்கும்போது அவற்றை லத்தீன்-1 என்ற குறியீட்டில் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளும். ஜாவா 9-ல்தான் யூடிஎஃப்-8 ஆயிற்று. அதே கோப்பு சர்வரில் நன்றாகத் தெரியும், கடையில் உடைந்து வரும். இதற்கு ஐடியாவில் நேட்டிவ் டு ஆஸ்கி என்ற ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நமக்குத் திரையில் செய்கூலி என்று தமிழில் தெரியும், வட்டில் ஒவ்வொரு எழுத்தும் அதன் யூனிகோட் எண்ணாகச் சேமிக்கப்படும். இரண்டு ஜாவாவும் அதைத் தப்பில்லாமல் படிக்கும். தமிழில் மென்பொருள் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் இந்த டிக் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கம்பைல் ஆனால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். ரன் கான்ஃபிகரேஷனில் எந்த ஜாவாவில் ஓட்டுவது என்று தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஜேடிகே 17-ல் கம்பைல் செய்த கடை மாட்யூலை அங்கேயே ஜாவா 8-ல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குக் கூலிக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனால் அந்த அலுவலகத்தில் சிக்னல் இருக்காது. மேவன் பலகையில் ஆஃப்லைன் பொத்தானை அழுத்திவிட்டால் ஏற்கெனவே இறக்கி வைத்த ஜார்களை (நூலகக் கோப்புகளை) வைத்தே எல்லாம் கம்பைல் ஆகும். கிளம்புவதற்கு முன் சேலத்திலேயே ஒரு முறை முழுதாகக் கட்டிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மெமரி பற்றியும் கேட்பார்கள். 8 ஜிபி லேப்டாப்பில் ஓடும், கூடவே பிரவுசரும் டேட்டாபேஸும் திறந்தால் மூச்சுத் திணறும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. கம்பைல் ஆகும்போது மெமரி போதவில்லை என்று வந்தால் ஐடிஇயின் மெமரியை ஏற்றிப் பயனில்லை. கம்பைல் வேலை தனி ப்ராசஸில் நடக்கிறது, அதற்கான அளவு கம்பைலர் பக்கத்தில் தனியாக இருக்கிறது, தொடக்கத்தில் 700 எம்பி. அங்கே ஏற்ற வேண்டும்.

இன்னொரு ஐடிஇயான எக்லிப்ஸோடு ஒப்பிடச் சொன்னால், அங்கே ஒரு ப்ராஜெக்டின் கம்பைலர் அமைப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒழுங்காக இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் எக்லிப்ஸ்தான் மேல். ஆனால் பாம் கோப்பை மதித்து நடப்பதிலும், எழுதும்போதே பதிப்பு மீறலைக் காட்டுவதிலும், தமிழ்க் கோப்புகளைக் கையாளுவதிலும் ஐடியாவை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

காசு விஷயம். இங்கே சொன்ன எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஸ்பிரிங், டேட்டாபேஸ் வசதிகளுக்காக நான் சந்தா கட்டுகிறேன். மாணவர்களுக்குக் கல்வி உரிமமாக அதுவும் இலவசம், கல்லூரி மின்னஞ்சலை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜேடிகேயை 21-க்கு உயர்த்தலாமா என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். ஜேடிகே 20 ஜாவா 7-க்குக் கம்பைல் செய்வதைக் கைவிட்டது, 21-ல் 8-க்குக் கம்பைல் செய்தால் இது வழக்கொழிகிறது என்று எச்சரிக்கை வருகிறது. 8-ஐயும் ஒரு நாள் எடுத்துவிடுவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் அந்தத் தராசுகள் ஓடும் வரை மூன்று மாட்யூலையும் ஜேடிகே 17-லேயே கட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். கடைக்காரர்கள் புது மெஷின் வாங்கும்போது பாமில் 8 என்று இருக்கும் இரண்டு இடத்தைத் திருத்திவிட்டு மேவனை மறுபடி ஏற்றினால் போதும்.